எதிர்வண்டி: ஒரு கணக்கும் ஓர் ஒற்றைப் பாதையும்

பள்ளிக்கூடத்துக் கணிதப் புத்தகங்களில் தலைமுறை தலைமுறையாக இடம்பெற்றுவரும் கணக்குகளுள், எதிரெதிர்த் திசைகளில் புறப்படும் இரண்டு ரயில் வண்டிகளைப் பற்றிய கணக்குக்குத் தனியொரு அந்தஸ்து உண்டு. தொட்டியை நிரப்பும் குழாய்களையும், சுவரை எழுப்பும் கொத்தர்களையும், வட்டிக்கு விட்ட முதலையும் அறவே மறந்துபோன பெரியவர்கள்கூட, இந்த இரு வண்டிகளை மாத்திரம் மறப்பதில்லை. அக்கணக்கை இராமநாதபுரம் சீமையாகிய சேது நாட்டுக்கே உரியதாக அமைத்துக்கொண்டு, அதன் விடை இங்குள்ள தண்டவாளத்தின் மீது என்ன கதியை அடைகிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதுரைக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே இருப்புப்பாதை வழியாக உள்ள தூரம் ஏறத்தாழ 161 கிலோமீட்டர். கணக்கின் வசதிக்காக 160 என்று கொள்வோம். காலை 6 மணிக்கு மதுரையிலிருந்து ஒரு வண்டி மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. அதே 6 மணிக்கு இராமேசுவரத்திலிருந்து மற்றொரு வண்டி மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. இரண்டும் எப்போது, எங்கே சந்திக்கும்?

இதைச் செய்யத் தொடங்கும் மாணவன் பெரும்பாலும் இரு வண்டிகளையும் தனித்தனியே துரத்திக்கொண்டு ஓடுவான். ஏழு மணிக்கு இது எங்கே, அது எங்கே என்று குறித்துக்கொண்டு, இடைப்பட்ட தூரத்தைக் கழித்துக் கழித்துப் பார்ப்பான். சிலர் இரு வேகங்களையும் கூட்டிப் பாதியாக்கிச் சராசரி காண முற்படுவார்கள். வண்டிகளை விட்டுவிட்டு அவற்றுக்கு இடையே கிடக்கும் வெளியை மாத்திரம் கவனித்தால் சிக்கல் தானே அவிழ்ந்துவிடும். அந்த வெளி தொடக்கத்தில் 160 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்தில் ஒருபுறம் 45, மறுபுறம் 35, ஆக 80 கிலோமீட்டர் அதில் தேய்கிறது. ஆகவே இரண்டு மணி நேரத்தில் அது முற்றிலும் மறைகிறது. சந்திப்பு 8 மணிக்கு. இடம், மதுரையிலிருந்து 90 கிலோமீட்டர், இராமேசுவரத்திலிருந்து 70 கிலோமீட்டர். இவ்விரு தூரங்களும் 9-க்கு 7 என்ற விகிதத்தில், அதாவது வேகங்களின் விகிதத்திலேயே அமைந்திருப்பதைக் கவனித்தால் விடை சரியென்ற திருப்தியும் கூடவே கிடைக்கும்.

ரயில் வண்டி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இந்தக் கணக்கு பிறந்துவிட்டது. கி.பி. 499-ஐ ஒட்டி இயற்றப்பட்ட ஆரியபடீயத்தின் கணிதபாதத்தில், எதிரெதிராகச் செல்லும் இரண்டு பொருள்களின் இடைத்தூரத்தை அவற்றின் கதிகளின் கூட்டுத்தொகையாலும், ஒரே திசையில் செல்பவற்றின் இடைத்தூரத்தைக் கதிகளின் வித்தியாசத்தாலும் வகுத்தால் அவை சந்திக்கும் காலம் கிடைக்கும் என்ற விதி ஒரே சுலோகத்தில் அடக்கிக் கூறப்பட்டிருக்கிறது. ஆரியபடரின் மனக்கண் முன் நின்றவை வண்டிகளல்ல, ஆகாயத்தில் சஞ்சரிக்கும் கிரகங்கள். சீனத்தின் பழைய கணித நூலாகிய ‘ஒன்பது அத்தியாயங்’களிலோ, தென்கடலிலிருந்து வடகடலுக்கு ஏழு நாளில் பறக்கும் ஒரு காட்டுவாத்தும், வடகடலிலிருந்து தென்கடலுக்கு ஒன்பது நாளில் பறக்கும் ஒரு காட்டு அன்னமும் ஒரே சமயத்தில் புறப்படுகின்றன; அவை சந்திக்கும் காலம் 63-ஐ 16-ஆல் வகுத்த ஈவாகிய மூன்றே பதினைந்து பதினாறாம் நாள். கிரகங்களுக்கும் பறவைகளுக்கும் ஒரு சௌகரியம் உண்டு. எதிரே வருவது எங்கே வந்தாலும் விலகிப் போக வானத்தில் இடமிருக்கிறது.

ரயில் வந்த பின்னர் இக்கணக்குக்கு இரண்டு புதிய அம்சங்கள் வாய்த்தன. ஒன்று, சீரான வேகம். மற்றொன்று, பொதுவான கடிகாரம். ‘அதே 6 மணிக்கு’ என்று நாம் எளிதில் எழுதிவிடுகிறோம். ஆனால் சூரியனைக் கொண்டே நேரம் கணித்த காலத்தில் மதுரையின் ஆறு மணியும் இராமேசுவரத்தின் ஆறு மணியும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 1.2 பாகை தீர்க்கரேகை வித்தியாசம் இருப்பதால், கீழ்த்திசையிலுள்ள இராமேசுவரத்தில் ஏறக்குறைய ஐந்து நிமிஷம் முந்தியே பொழுது புலர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு ஸ்டேஷனும் தன் ஊர்ச் சூரியனையே நம்பியிருந்தால், மேலே கண்ட கணக்கில் சந்திப்பிடம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். இதனால்தான் 1902-இல் தென்னிந்திய ரயில்வேயின் பாதை மதுரையிலிருந்து மண்டபம் வரை நீண்ட காலத்தில், இந்திய ரயில்வேக்கள் சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் நேரத்தையே பொது நேரமாகக் கைக்கொண்டிருந்தன. இந்தியப் பொதுநேரம் 1906-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

இனி, விடையைத் தண்டவாளத்தின் மீது வைத்துப் பார்ப்போம். மதுரையிலிருந்து 90 கிலோமீட்டர் என்பது பரமக்குடிக்கும் இராமநாதபுரத்துக்கும் நடுவே, சீமைக்கருவேலம் மண்டிய வறண்ட வெளியில் எங்கோ விழுகிறது. இப்பாதை ஒற்றைப் பாதை. போகிற வண்டிக்கும் வருகிற வண்டிக்கும் அந்த ஒரே ஜோடித் தண்டவாளம்தான். ஆகவே 8 மணிக்கு அவ்விடத்தில் அவ்விரு வண்டிகளும் சந்திக்குமானால், அச்செய்தியை மறுநாள் பத்திரிகைகளில் படிக்க நேரிடும். புத்தகத்தில் முழு மதிப்பெண் பெறும் விடை, பாதையில் விபத்தின் விலாசமாக முடிகிறது. ஒற்றைப் பாதையில் வண்டிகள் எங்கே வேண்டுமானாலும் சந்திக்க முடியாது. துணைப்பாதை பிரியும் ஸ்டேஷனில் மாத்திரமே சந்திக்கலாம். அதைத்தான் இந்த மார்க்கத்தில் பிரயாணம் செய்பவர்கள் ‘கிராஸிங்’ என்கிறார்கள். வண்டி காரணமின்றி நின்றுவிட்டதாக எண்ணி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டும் புதியவருக்கு, ‘எதிர்வண்டி வரணும்’ என்று பக்கத்து இருக்கைக்காரர் இரண்டே வார்த்தையில் விளக்கம் சொல்லிவிடுவார்.

இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையேயுள்ள ஒற்றைப் பாதையில் ஒரு சமயத்தில் ஒரு வண்டியே இருக்க வேண்டும் என்ற நியமத்தை, மனிதரின் ஞாபகசக்தியை நம்பி விட்டுவிட ரயில்வேக்கள் துணியவில்லை. அதற்கென்று ஏற்பட்ட யுக்திகளுள் நெடுங்காலம் நிலைபெற்றது டோக்கன் முறை. அடுத்தடுத்த இரு ஸ்டேஷன்களிலும் உள்ள இரண்டு கருவிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒன்றிலிருந்து ஓர் இரும்பு உருண்டையை வெளியே எடுத்துவிட்டால், அது திரும்பவும் இவ்விரு கருவிகளுள் ஒன்றினுள் சென்று சேரும்வரை, எந்தக் கருவியும் மற்றோர் உருண்டையைக் கொடுக்காது. அந்த உருண்டையைத் தோல் பையிலிட்டு, பையை ஒரு பெரிய வளையத்தில் கட்டி, ஓடுகிற எஞ்சினை நோக்கி ஸ்டேஷன் ஊழியர் உயர்த்திப் பிடிப்பார். எஞ்சினிலிருப்பவர் கையை வளையத்தினுள் நுழைத்து அதைப் பற்றிக்கொண்டு, தாம் கடந்துவந்த பகுதியின் வளையத்தைக் கீழே விட்டெறிவார். கையில் அந்த உருண்டை இல்லாத டிரைவருக்கு முன்னால் பாதை காலியாகக் கிடந்தாலும் அது அவருக்குரிய பாதையல்ல. இரு வண்டிகள் நடுவழியில் சந்திக்கும் என்ற கணக்கின் விடையை, அந்த உருண்டை நடவாத காரியமாக்கிவிட்டது.

அப்படியானால் பள்ளிக்கூடத்து விடை பயனற்றதா? இங்கேதான் விஷயம் ருசிகரமாகிறது. வண்டிகள் எங்கே சந்திக்கும் என்ற கேள்வி மறைந்து, அவற்றை எந்த ஸ்டேஷனில் சந்திக்க வைப்பது, அதற்காக யார் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற கேள்வி எழுகிறது. தூரங்களை முழு எண்ணாக்கி, பரமக்குடி மதுரையிலிருந்து 75-ஆவது கிலோமீட்டரிலும், இராமநாதபுரம் 105-ஆவது கிலோமீட்டரிலும் இருப்பதாகக் கொள்வோம். கிராஸிங்கைப் பரமக்குடியில் வைத்தால், மதுரை வண்டி 7 மணி 40 நிமிஷத்துக்கு அங்கே வந்துவிடுகிறது. இராமேசுவரம் வண்டி 85 கிலோமீட்டர் கடந்து அங்கே வந்து சேர 8 மணி 26 நிமிஷம் ஆகிறது. காத்திருப்பு ஏறத்தாழ 46 நிமிஷம். கிராஸிங்கை இராமநாதபுரத்தில் வைத்தால், இராமேசுவரம் வண்டி 7 மணி 34 நிமிஷத்துக்கு வந்து நிற்கிறது. மதுரை வண்டி 8 மணி 20 நிமிஷத்துக்கு வருகிறது. இப்போதும் காத்திருப்பு 46 நிமிஷமே.

இந்த ஒற்றுமை தற்செயலன்று. கணக்கு காட்டிய இலட்சியச் சந்திப்பிடமாகிய 90-ஆவது கிலோமீட்டரிலிருந்து இரு ஸ்டேஷன்களும் சமதூரத்தில், பதினைந்து பதினைந்து கிலோமீட்டரில் இருக்கின்றன. அவ்விடத்தை அடையாமல் முன்னதாகவே நிற்கும் வண்டி, மிச்சமுள்ள பதினைந்து கிலோமீட்டரைத் தன் வேகத்தில் கடக்கும் நேரத்தை இழக்கிறது. எதிர்வண்டி அதே பதினைந்து கிலோமீட்டரைத் தன் வேகத்தில் கூடுதலாகக் கடந்து வரும் நேரமும் அதனுடன் சேர்கிறது. இவ்வேகங்களில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு வண்டிக்கு 80 விநாடி, மற்றதற்கு ஏறக்குறைய 103 விநாடி. இரண்டும் சேர்ந்து மூன்று நிமிஷத்துக்குச் சற்றே அதிகம். ஆகவே ஒரு ஸ்டேஷன் இலட்சியச் சந்திப்பிடத்திலிருந்து விலகும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும், எந்த வண்டி காத்திருந்தாலும், மூன்று நிமிஷக் காத்திருப்பு விழும். சந்திப்பிடத்துக்கு மிக அருகிலுள்ள ஸ்டேஷனே கிராஸிங்குக்கு மிகவும் ஏற்றது. சத்திரக்குடியை ஒட்டிய இடைப்பகுதியில் ஒரு துணைப்பாதை வாய்க்குமானால் காத்திருப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லாமலே போகும். ஆக, பள்ளிக்கூடத்து விடை முடிவாக இருப்பதற்குத்தான் தகுதியற்றது. எந்த ஸ்டேஷன் என்று தேடத் தொடங்குவதற்கு அதைக்காட்டிலும் சிறந்த புள்ளி வேறில்லை.

ஆனால் பரமக்குடியா, இராமநாதபுரமா என்பதை மேற்கண்ட கணிதம் சொல்லாது. இரண்டிலும் 46 நிமிஷம்தான். ஒன்றில் மதுரை வண்டியின் பிரயாணிகள் காத்திருப்பார்கள், மற்றதில் இராமேசுவரம் வண்டியின் பிரயாணிகள். எவ்வளவு நேரம் என்பது வரைக்கும் எண்களின் அதிகாரம். யார் என்பது மனிதரின் தீர்மானம். சரக்கு வண்டி பாசஞ்சருக்காகவும், பாசஞ்சர் எக்ஸ்பிரஸுக்காகவும் ஒதுங்கி நிற்பதென்ற சம்பிரதாயம் இந்தத் தீர்மானத்தின் வடிவமே. அதன் சுமையைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் குறைந்த கட்டணத்தில் குறைந்த தூரம் போகிறவர்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இராமேசுவரத்து அக்னி தீர்த்தத்தில் நீராட வருகிறவர்களுக்காகச் சிறப்பு வண்டிகள் விடப்படும்போது, ஒவ்வொரு புதிய வண்டியும் எதிரே வரும் ஒவ்வொரு பழைய வண்டியோடும் இந்தத் தீர்மானத்தைப் புதிதாகக் கோருகிறது.

எத்தனை வண்டிகள் எதிரே வரும் என்பதும் தோற்றத்துக்கு எளிதாயிருந்து ஏமாற்றக்கூடிய கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூகா, லே ஆவ்ர் துறைமுகத்திலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் தினந்தோறும் நண்பகலில் ஒவ்வொரு கப்பல் புறப்பட்டு, ஏழு நாளில் மறுகரை சேருமானால், ஒரு கப்பல் தன் வழியில் எத்தனை எதிர்க்கப்பல்களைக் காணும் என்று கேட்டார். ஏழு, எட்டு என்று வாய்க்கு வரும். துறைமுகங்களில் காண்பவற்றையும் சேர்த்துச் சரியான விடை பதினைந்து. நாம் புறப்பட்ட பிறகு எதிரே புறப்படுபவற்றை எண்ணுகிறோம். நாம் புறப்படும்போதே வழியில் வந்துகொண்டிருப்பவற்றை எண்ண மறந்துவிடுகிறோம். பாதையின் இரு முனைகளிலிருந்தும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வண்டி புறப்பட்டு, நான்கு மணி நேரத்தில் மறுமுனை சேருமானால், ஒரு வண்டி நடுவழியில் மாத்திரம் மூன்று எதிர்வண்டிகளைக் காணும். மணிக்கொரு வண்டி என்று இரட்டித்தால் அந்த மூன்று ஏழாகிவிடும். லூகாவின் கப்பல்களுக்கு இவை வெறும் தரிசனங்கள். 1914-க்குப் பிறகு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 22 மைல் கடலைக் கடந்த போட் மெயில் கப்பல்களுக்கும் அப்படியே, கடல் விசாலமானது. ஒற்றைப் பாதை வண்டிக்கோ ஒவ்வொரு சந்திப்பும் தனக்கு ஒரு காத்திருப்பு, அல்லது எதிர்வண்டிக்கு ஒன்று.

இத்தனை சந்திப்புகளையும் ஒரு மனிதர் எப்படி ஒரே பார்வையில் நிர்வகிக்கிறார்? இயற்கணிதச் சமன்பாடுகளால் அல்ல, ஒரு வரைபடத்தால். இப்ரி என்ற பொறியாளரின் முறையெனக் கூறி, பாரிசுக்கும் லியோனுக்கும் இடையே ஓடும் வண்டிகளுக்காக எட்டியென்-ஜூல் மாரே 1878-இல் வெளியிட்ட நூலில் பிரசித்தப்படுத்திய வரைபடம் அது. இடமிருந்து வலமாக நேரம். மேலிருந்து கீழாக ஸ்டேஷன்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கிடைக்கோடு. ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. வேகமான வண்டிக்குச் செங்குத்தான சாய்வு, மெதுவான வண்டிக்குத் தாழ்ந்த சாய்வு. எதிரெதிர் வண்டிகளின் கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியே அவற்றின் சந்திப்பு. நம் கணக்கை இப்படத்தில் வரைந்தால் 8 மணிக்குப் பரமக்குடிக் கோட்டுக்கும் இராமநாதபுரக் கோட்டுக்கும் நட்டநடுவே ஒரு வெட்டுப்புள்ளி விழும். ஒற்றைப் பாதையின் சட்டம் முழுவதையும் இனி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: எந்த வெட்டுப்புள்ளியும் ஸ்டேஷன் கோட்டின் மீது அன்றி வேறெங்கும் விழக்கூடாது. இடைவெளியில் விழுந்த புள்ளியைக் கோட்டுக்கு நகர்த்துவதற்காக ஏதேனும் ஒரு சாய்கோட்டைச் சிறிது தூரம் கிடையாகப் படுக்கவைக்க வேண்டியிருக்கிறது. அந்தப் படுக்கைக் கோடுதான் பிரயாணி ஜன்னலோரத்தில் கழிக்கும் நேரம். ரயில்வேக் கட்டுப்பாட்டு அலுவலகங்களில் வண்டிகளின் போக்கைக் குறித்துவந்த சார்ட் இந்த வரைபடத்தின் வழிவந்ததே.

மண்டபத்தைத் தாண்டியதும் இக்கணக்கு தன் கடைசி வேஷத்தை எடுக்கிறது. 1914 பிப்ரவரி 24-ஆம் தேதி திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம், ஒற்றைப் பாதை. ஒரு கரையில் மண்டபம் ஸ்டேஷன், மறு கரையில் பாம்பன் ஸ்டேஷன், நடுவில் கடல். பாடப்புத்தகம் வண்டியை ஒரு புள்ளியாகவே பாவிக்கிறது. பாலத்தின் மீது அந்தப் பாவனை செல்லாது. பதினெட்டுப் பெட்டிகள் கொண்ட வண்டி ஏறத்தாழ 400 மீட்டர் நீளம். அதன் எஞ்சின் பாலத்தைக் கடந்த பிறகும் அதன் வால் கடலுக்கு மேலேயே இருக்கும். கடைசிப் பெட்டி கரை ஏறும்வரை பாலம் காலியாகிவிட்டதாகக் கொள்ள முடியாது. பழைய பாலத்தின் மீது வண்டிகள் மணிக்கு 10 கிலோமீட்டர் அளவுக்கே ஊர்ந்தன. பாலத்தின் நீளத்தோடு வண்டியின் நீளத்தையும் சேர்த்தால் கடக்க வேண்டியது சுமார் 2.5 கிலோமீட்டர், பிடிக்கும் நேரம் பதினைந்து நிமிஷம். காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானே சிவப்பாகிவிடும் ஏற்பாடும் அங்கே இருந்தது. அப்போது காத்திருப்பை நிர்ணயிப்பது எதிர்வண்டியல்ல, எதிர்க்காற்று.

வேறொரு பிரயாணியும் உண்டு. பாலத்தின் நடுவே ஷெர்சர் முறையில் அமைந்த இரு கைகளும் மேல்நோக்கித் திறந்து கப்பல்களுக்கு வழிவிட்டன. பணியாளர்கள் நின்று கையாலேயே சுழற்றி அவற்றைத் திறந்தார்கள். கிழக்கு மேற்காகச் செல்லும் வண்டிகளின் கணக்கில், வடக்கு தெற்காகக் கடக்கும் கப்பலும் வந்து புகுந்துகொண்டது. அது பாதையை வெட்டும் நேரத்தில் இரு கரை வண்டிகளும் நிற்க வேண்டியதுதான். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வண்டியையும், பாலத்தின் பெரும்பாலான உத்திரங்களையும் கடலில் தள்ளியது; பாலம், ரயில்வேப் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பிலே 46 நாட்களில் மீண்டும் எழுந்தது. 2022 டிசம்பரில் அதன் மீது போக்குவரத்து நின்றுவிட்டது. அதற்கு அருகிலேயே எழுப்பப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டது. இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி மின்விசையால் செங்குத்தாக மேலே எழும்புகிறது; பாலத்தின் மீது மணிக்கு 75 கிலோமீட்டரும், அந்தத் தூக்குப் பகுதியில் 50 கிலோமீட்டரும் அனுமதிக்கப்பட்ட வேகம். பழையதில் பதினைந்து நிமிஷம் பிடித்த அதே வண்டி, உச்ச வேகத்தில் சென்றால் இதை மூன்று நிமிஷத்துக்குள் கடந்துவிடும். பாலமும் ஒற்றைப் பாதையாகவே இருக்கிறது; கிராஸிங்கும் ஒழியவில்லை; ஆயினும் கரையில் நிற்கும் வண்டிக்கு, பாலத்தின் பொருட்டு மாத்திரம் பன்னிரண்டு நிமிஷம் மிச்சமாகக்கூடும். தூண்களின் அடித்தளம் இரட்டைப் பாதைக்குத் தக்கவாறே கட்டப்பட்டிருப்பதால், இரண்டாவது பாதை ஒருநாள் அமையுமானால் எதிர்வண்டிகள் முதன்முறையாகக் கடலுக்கு மேலேயே சந்திக்க முடியும்.

அப்படியொரு சந்திப்பை இன்றே காண விரும்புகிறவர் பக்கத்திலுள்ள சாலைப் பாலத்தில் நிற்கலாம். 1988 அக்டோபர் 2-ஆம் தேதி திறக்கப்பட்ட இந்திரா காந்தி பாலத்தில் போகவும் வரவும் தனித்தனி வழி இருக்கிறது. இராமேசுவரத்திலிருந்து வரும் பஸ்ஸும் மண்டபத்திலிருந்து வரும் பஸ்ஸும், ஆரியபடர் சொன்னபடியே, இடைத்தூரத்தைக் கதிகளின் கூட்டுத்தொகையால் வகுத்த நேரத்தில், கணக்கு குறித்த அதே இடத்தில் ஒன்றையொன்று கடந்து செல்கின்றன. ஒரே பாக் கடலின் மீது, கூப்பிடு தூரத்தில், இரண்டு பாலங்கள்: ஒன்றில் பாடப்புத்தகத்தின் விடை அன்றாடம் நிகழ்கிறது, மற்றதில் அதே விடை தடைசெய்யப்பட்டிருக்கிறது. வகுத்தல் இரண்டுக்கும் ஒன்றே. வேறுபாடெல்லாம் ‘விலகிச் செல்ல வழி உண்டா’ என்று கணக்கில் எழுதப்படாமல் விடப்பட்ட ஒரே நிபந்தனையில் இருக்கிறது.

ஆகவே இந்தப் பழைய கணக்கைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்க வேண்டுமென்று சொல்லும் கட்சியை நான் சேர்ந்தவனல்லன். அதைப் பாதியில் நிறுத்திவிடுகிறோம் என்பதே என் குறை. இராமநாதபுரம் சீமையின் ஆசிரியர் ஒருவர், எப்போது எங்கே சந்திக்கும் என்று கேட்டு விடை பெற்றதும், ரயில்வேக் கால அட்டவணை ஒன்றை மேஜையின் மீது விரித்துவைத்து, அந்த இடத்துக்கு மிக அருகிலுள்ள ஸ்டேஷன் எது, அங்கே காத்திருப்பு எத்தனை நிமிஷம், எந்த வண்டி நிற்க வேண்டும், ஏன் என்று நான்கு கேள்விகளை மேலும் கேட்பாராகில், முதல் இரண்டு கேள்விகளுக்கு வகுப்பு முழுவதும் ஒரே விடையைச் சொல்லும். மற்ற இரண்டுக்கும் மாணவர்கள் தங்களுக்குள் வாதாடத் தொடங்குவார்கள். கணிதம் எந்த எல்லை வரை நம்மை அழைத்துச் செல்லும், எந்த எல்லையிலிருந்து நாமே பொறுப்பேற்று நடக்க வேண்டும் என்பதை அறிந்துகொள்ள அந்த வாதத்தைக்காட்டிலும் நல்ல பாடம் வேறு இராது.